எந்தத் தூசிக்கு எந்த ஃபில்டர்

ஃபில்டர் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு சின்னச் சோதனை. பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக இருக்க வேண்டும். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயின் கிளாம்பைத் தளர்த்திக் கழற்றுங்கள். துணியை விரலில் சுற்றி ரப்பரின் உட்புறத்தை ஒரு சுற்றுத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். லேசான எண்ணெய்க் கறை வந்தால் கவலை வேண்டாம். மண் நிறத்தில் பொடி ஒட்டி வந்து, விரலிடையில் தேய்த்தால் நறநறவென்று இருந்தால், ஃபில்டரைத் தாண்டி மண் போய்க்கொண்டிருக்கிறது. அங்கிருந்து அடுத்த நிறுத்தம் எஞ்சின்தான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஃபில்டர் என்றதும் எந்தக் கம்பெனி, என்ன விலை, பிக்கப் ஏறுமா என்றுதான் கேட்கிறார்கள். அவை பிறகு வர வேண்டிய கேள்விகள். உங்கள் வண்டி தினமும் எந்தத் தூசிக்குள் ஓடுகிறது என்பது முதல் கேள்வி. வாங்கப்போகும் ஃபில்டரைச் சுற்றிப் பெட்டி இறுக்கமாக மூடுமா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முக்கால் டேங்கர் காற்று

பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 740 கிராம். ஆக, அதற்குக் கிட்டத்தட்ட 11 கிலோ காற்று. நம் ஊர் வெயிலில் விரிந்து கிடக்கும் காற்றில் அது 9,000 லிட்டருக்கு மேல் வரும். 12,000 லிட்டர் தண்ணீர் டேங்கர் லாரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது வண்டி முக்கால் டேங்கர் காற்றைக் குடிக்கிறது. வாரத்துக்கு நான்கு லிட்டர் போடுகிறவர் வண்டிக்குள் மூன்று டேங்கர் காற்று போகிறது. அவ்வளவும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு ஸ்பாஞ்சையோ காகித மடிப்பையோ தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தக் காற்றோடு வரும் மண்ணில் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கின்றன. பாலாற்று மணலே பெரும்பாலும் அதுதான். கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் ஏழாவது இடத்தில் இருக்கிறது; சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியும் பெரிய மணலை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். எஞ்சினை அரிப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள்: 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ளவை. பிஸ்டன் ரிங்குக்கும் போர் எனப்படும் சிலிண்டர் உட்சுவருக்கும் நடுவே இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்குள் இவை சரியாகப் புகுந்துகொண்டு, உப்புத்தாள் போடுவதுபோல இருபுறமும் தேய்க்கும். 

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்.எக்ஸ்.100, யெஸ்டி, ராஜ்தூத், பழைய டி.வி.எஸ். மொபெட் எல்லாவற்றிலும் காற்று நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கிராங்க் கேஸுக்குள் நுழைந்து, கிராங்க் பேரிங்கையும் கனெக்டிங் ராடின் அடிப்பேரிங்கையும் தொட்டுவிட்டுத்தான் மேலே ஏறுகிறது. போர் போனால் ரீபோர் அடித்துவிடலாம். கிராங்க் போனால் எஞ்சினையே பிளக்க வேண்டும். இதனால்தான் ஒரே சாலையில் ஓடும் புல்லட்டைவிட ஆர்.எக்ஸுக்கு ஃபில்டர் விஷயத்தில் இரண்டு மடங்கு அக்கறை வேண்டும் என்கிறேன். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது ஆர்.எக்ஸ். நொடிக்கு நூறு முறை காற்றை இழுக்கிறது.

நம் சாலைகளின் தூசி

கையேட்டில் இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுங்கள் என்று போட்டிருக்கும். அதை எழுதியவர்கள் சராசரிச் சாலையை நினைத்து எழுதினார்கள். நம் பக்கம் பத்து கிலோமீட்டருக்குள் மூன்று வகைத் தூசி மாறிவிடும்.

முதலாவது மண். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றின் கரையோரச் சாலைகள், மண் ஏற்றிப்போகும் லாரிகளின் பின்னால் எழும் புழுதி, கல் குவாரிப் பக்கத்துச் சாலைகளில் படியும் வெள்ளைப் பொடி. எஞ்சினின் நேரடி எதிரி இதுதான். கனமானது என்பதால் லாரி போய் அரை நிமிடத்தில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். மிக நுண்ணியது மட்டும் காற்றிலேயே நிற்கும். லாரியின் பின்சக்கரத்தை ஒட்டியே ஓட்டுகிறவரின் ஃபில்டர் பாதி நாளில் அடைபடும். ஐம்பது அடி விட்டு ஓட்டினால் ஃபில்டருக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

இரண்டாவது தோல் பஞ்சு. டேனரியில் பதனிட்ட தோலின் பரப்பைப் பஃபிங் இயந்திரத்தில் தேய்த்து மென்மையாக்குவார்கள். அப்போது கிளம்பும் தூள் மண்போல உருண்டையாக இருக்காது, நுண்ணிய நார்களாக இருக்கும். பஃபிங் நடக்கும் கட்டடத்தின் வெளியே நிற்கும் வண்டிகளின் சீட்டில் சாம்பல் நீலமாகவோ பழுப்பாகவோ ஒரு மென்படலம் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது சிலிண்டரை மண் அளவுக்கு அரிக்காது. ஆனால் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஃபில்டரின் வெளிப்பரப்பில் கம்பளிபோல ஒரு போர்வை விரிந்துவிடும். உள்ளே ஸ்பாஞ்ச் சுத்தமாகவே இருக்கும், வெளியே காற்று நுழைய வழியிருக்காது. வண்டி கறுப்பாகப் புகை தள்ளும், பிளக் கரி பிடிக்கும், டாப் கியரில் இழுவை இருக்காது, மைலேஜ் விழும். கார்பரேட்டரில்தான் கோளாறு என்று நினைத்து ஜெட்டைப் போய்க் குடைவார்கள். பஃபிங் ஷெட் அருகே வண்டியை நிறுத்துகிறவர்கள் ஜெட்டைத் தொடுவதற்கு முன் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

அதே தூள் மனிதர்களுக்கு என்ன செய்கிறது என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, தோல் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்குக் குழியும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளும்தான் பாதிக்கப்படுவதாகச் சொல்கிறது. ஆகவே தோல் தூள் படிந்த ஃபில்டரை முகத்துக்கு நேரே தட்டாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். குழந்தைகள் விளையாடும் வாசலில் வைத்துக் கம்ப்ரசர் காற்று அடிக்காதீர்கள். மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொண்டு, ஸ்பாஞ்சாக இருந்தால் முதலில் தண்ணீரில் நனைத்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவது உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பு தூவித்தான் மண்டிக்கு வருகிறது. தோலை உதறும் இடங்களில் உப்புப் பொடி தரையிலும் காற்றிலும் இருக்கும். உப்பு ஃபில்டரை அடைப்பதைவிட, ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் தகரப் பெட்டியைத்தான் அதிகம் கெடுக்கிறது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். பழைய புல்லட்டின் உலோகப் பெட்டியில் ஃபில்டருக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே உள்ள பக்கம் துருப்பிடித்தால், அந்தத் துருச் செதிலைத் தடுக்க அப்புறம் எதுவும் இல்லை. தோல் மண்டிப் பக்கம் ஓடும் வண்டியானால் பெட்டியைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் துடைத்து, இரும்புக்கு அடிக்கும் பிரைமரும் பெயிண்ட்டும் உட்புறம் அடித்து நன்றாகக் காய விடுங்கள். பெயிண்ட் அரைகுறையாகக் காய்ந்த பெட்டியை மாட்டினால் பெயிண்ட் உரிந்து உள்ளே போகும்.

டேனரியின் சுண்ணாம்புக் குழியிலிருந்தும் சல்ஃபைடு கழிவிலிருந்தும் வரும் நாற்றத்தை எந்த ஃபில்டரும் தடுக்காது. வாயு அதன் வழியே போய்விடும்.

தூசி குறைந்த இடத்துக்கு ஓர் உதாரணம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் ஏறினால் காவலூர் வரும். வானியலாளர்கள் 1960களின் இறுதியில் தொலைநோக்கி வைக்கத் தேர்ந்தெடுத்த ஊர் அது. அங்கேயே ஓடும் வண்டிக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் தாராளமாகப் பொருந்தும். ஆம்பூர் பேரணாம்பட்டுச் சாலையில் தினமும் போய்வருகிறவர் அதைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். பஃபிங் ஷெட் வாசலில் நிறுத்துகிறவர் கிலோமீட்டரையே மறந்துவிட்டு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

நான்கு வகை, நான்கு குணம்

முதலில் உங்கள் வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். முப்பது வருட வண்டியில் கம்பெனி போட்டது இருக்கும் என்று எண்ண வேண்டாம். நடுவில் நாலு பேரிடம் கைமாறியிருக்கும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் ஆர்.எக்ஸ்.100 போன்ற வண்டிகளில் இருப்பது. ஸ்பாஞ்ச் தானாக எதையும் பிடிக்காது. அதில் தோய்ந்திருக்கும் எண்ணெய்தான் பிடிக்கிறது. வளைந்து நெளிந்த துளைகளின் வழியே போகும் காற்று திரும்பிவிடும், தூசியால் அவ்வளவு வேகமாகத் திரும்ப முடியாமல் எண்ணெயில் போய் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் இல்லாத காய்ந்த ஸ்பாஞ்ச் வெறும் சல்லடை. இதன் பெரிய வசதி, கழுவித் திரும்பத் திரும்பப் போடலாம். ஆழமாகத் தூசியை ஏற்றுக்கொள்வதால் மண் சாலைக்கு இதுவே நல்லது. டக்கார் ராலி ஓட்டுகிற பாலைவன வண்டிகளிலும் எண்ணெய் தோய்ந்த ஸ்பாஞ்ச்தான் போடுகிறார்கள். அதன்மேல் எண்ணெய் தோய்ந்த மெல்லிய உறை ஒன்றை மாட்டி, அடைபட்டதும் உறையை மட்டும் உருவி எறிகிறார்கள். பஃபிங் பஞ்சுக்கு நாமும் அந்த வழியைப் பின்பற்றலாம். பழைய நைலான் காலுறையை, சாயம் போகாததாகப் பார்த்து, ஸ்பாஞ்சின் வெளிப்பக்கம் இழுத்து மாட்டினால் பஞ்சு அதிலேயே படியும். வாரம் ஒரு முறை அதை மட்டும் கழற்றி அலசினால் போதும். ஓரங்களில் மடிப்பு விழுந்து இடைவெளி விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாஞ்சுக்கு ஆயுள் உண்டு. பாலியூரித்தேன் வயதாக ஆகப் பொடிந்துபோகும். என்னுடைய முதல் ஆர்.எக்ஸை இரண்டாம் கையாக வாங்கியபோது, ஸ்பாஞ்சை விரலால் அழுத்தினேன், அப்பம்போலப் பிட்டுக்கொண்டு வந்தது. அவசரத்துக்கு ஒரு கடையில் ஸ்பாஞ்ச் வாங்கி, கத்தரியால் வெட்டிச் செருகி நான்கு மாதம் ஓட்டினேன். பிறகு வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்று ஆம்பூரில் ஒரு மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். அவர் பக்கக் கவரைக் கழற்றி, நான் வைத்ததை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“இது எங்க வாங்குன தம்பி?”

கடையில் கேட்டு வாங்கியதாகச் சொன்னேன்.

“இது சோபாக்குப் போடுற ஸ்பாஞ்ச் தம்பி. இதுல ஒரு ஓட்டை பெருசு, ஒரு ஓட்டை சின்னது, பாதி ஓட்டை மூடிக்கினு இருக்குது. காத்து சந்து பார்த்துப் போவும், மண்ணும் அதே சந்துலதான் போவும். இனிமே போர் பார்க்கணும்.”

பார்த்தார். போரில் மேலிருந்து கீழாகக் கோடுகள். அன்று ரீபோருக்கும் பிஸ்டனுக்கும் கொடுத்த பணத்தில் சரியான ஸ்பாஞ்ச் ஒரு டஜனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். அவர் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஃபில்டருக்கான ஸ்பாஞ்சில் துளைகளுக்கு நடுவே இருக்கும் சவ்வுகளை ஆலையிலேயே நீக்கிவிடுகிறார்கள். அதனால் துளை எல்லாம் ஒரே அளவில், தேன்கூட்டின் எலும்புக்கூடு மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று திறந்திருக்கும். மெத்தை ஸ்பாஞ்சில் சவ்வு இருக்கும். செல்போன் டார்ச்சை அடியில் பிடித்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது வகை காய்ந்த காகித ஃபில்டர். பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் பெட்டிக்குள் இருக்கும். நான்கு வகையில் மிக நுண்ணிய தூசியைப் பிடிப்பது இதுதான். இன்னொரு குணமும் இதற்கு உண்டு: கொஞ்சம் தூசி படிந்ததும் அந்தத் தூசிப் படலமே ஒரு வடிகட்டியாகி, புதிதாக இருந்ததைவிட நன்றாகப் பிடிக்கும். அதனால் வாராவாரம் கழற்றி அடித்துச் சுத்தம் செய்வது நன்மையைவிடக் கெடுதலே செய்கிறது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பெட்டியின் உட்புறம் கொஞ்சம் மண் விழும். ரப்பர் விளிம்பு கொஞ்சம் தளரும். தண்ணீரும் எண்ணெயும் காகிதத்துக்கு ஆகாது. ஈரம் பட்டால் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். மெல்லத் தட்டி, தேவையானால் உள்ளிருந்து வெளியே, குழாயைத் தள்ளிப் பிடித்துக் குறைந்த அழுத்தத்தில் காற்று அடிக்கலாம். டயருக்கு அடிக்கிற அழுத்தத்தில் நெருங்கி அடித்தால் காகிதம் ஊசித்துளை விடும், கண்ணுக்கே தெரியாது. உள்ளே டார்ச் வைத்து இருட்டில் சுற்றிப் பார்த்தால் நட்சத்திரம்போல ஒரு புள்ளி தெரியும். தெரிந்தால் அந்த ஃபில்டர் முடிந்தது.

மூன்றாவது எண்ணெய் ஊட்டிய காகிதம். ஹோண்டாவின் யூனிகார்ன், ஷைன் வண்டிகளில் இருப்பது. தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும். இதைச் சுத்தம் செய்யவே கூடாது. காற்று அடித்தால் எண்ணெய் கலைந்து, தூசி உள்பக்கம் நகர்ந்துவிடும். அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான். சர்வீஸ் விடும்போது எல்லா ஃபில்டருக்கும் ஒரே மாதிரி கம்ப்ரசர் பிடிக்கிற இடங்கள் உண்டு. வண்டியைக் கொடுக்கும்போதே “ஃபில்டருக்கு ஏர் அடிக்காதீங்க, அழுக்கா இருந்தா சொல்லுங்க, புதுசு வாங்கித் தரேன்” என்று சொல்லிவிடுங்கள்.

நான்காவது, இளைஞர்கள் அதிகம் கேட்கும் பஞ்சு வலை ஃபில்டர். கம்பி வலைகளுக்கு நடுவே எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணி. 1969இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம் இதைப் பேர்பெறச் செய்தது. பெட்டியை எடுத்துவிட்டு நேராக கார்பரேட்டரின் வாயில் மாட்டும் கூம்பு ஃபில்டராகத்தான் நம் ஊரில் இது அதிகம் விற்கிறது. காற்று தாராளமாகப் போகும் என்பது உண்மை. அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். ஒரு ஃபில்டர் நூறு துகளில் 99ஐப் பிடிக்கிறது, இன்னொன்று 97ஐப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மட்டும்தானே குறைவு என்று தோன்றும். உள்ளே போவதை எண்ணினால் ஒன்றுக்கு மூன்று. எஞ்சினுக்குப் பிடித்தது கணக்கில்லை, விட்டதுதான் கணக்கு. பந்தய மைதானத்தில் ஒரு பருவத்துக்கு ஒரு முறை எஞ்சினைப் பிரிப்பவருக்கு இது பொருட்டில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஷூ கம்பெனிக்கு ஷிப்டு போய்த் திரும்பும் வண்டிக்கு இது பெரிய விஷயம்.

பெட்டி என்பது வெறுமனே இடத்தை அடைக்கும் தகரம் அல்ல. அதற்குள் காற்று அமைதியாகி, கனமான மண் கீழே இறங்கிவிடுகிறது. மழைநீர் நேராக அடிப்பதில்லை. காற்றை இழுக்கும் இரைச்சல் அடங்குகிறது. பெட்டியின் கொள்ளளவை வைத்துத்தான் கம்பெனி ஜெட் அளவைத் தீர்மானித்திருக்கிறது. பெட்டியை எடுத்தால் கலவையில் காற்று கூடி, பெட்ரோல் குறையும். மெயின் ஜெட்டைப் பெரிதாக்காமல் ஓட்டினால் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சூடாகி ஒரு நாள் பிடித்துக்கொள்ளும். அதுவும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதுதான் பிடிக்கும். பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். என்.எச். 48இல் பின்னால் கண்டெய்னர் லாரி வந்துகொண்டிருக்கும். ஆகவே கூம்பு ஃபில்டர்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் சொல் இதுதான்: பிளக்கின் நிறம் பார்த்து ஜெட் மாற்றத் தெரிந்த மெக்கானிக் கூட இல்லாமல் அதை மாட்டாதீர்கள். பிளக் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வண்டியை அன்றே நிறுத்துங்கள்.

பழைய டிராக்டர்களில் இருக்கும் எண்ணெய்க் கிண்ணி ஃபில்டரைப் புல்லட்டுக்குப் பொருத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். சாய்ந்து வளையும் வண்டிக்கு அது ஒத்துவராது.

கடையில் நின்றுகொண்டு

பழைய ஃபில்டர் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் பாலிதீன் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது வேண்டாம். ஒரே பெயரில் வந்த வண்டிக்கு வருடத்துக்கு வருடம் பெட்டி மாறியிருக்கிறது. ஆர்.எக்ஸ்.100 வந்தது 1985இல், நின்றது 1996இல். இப்போது கிடைக்கும் ஃபில்டர்களில் பெரும்பாலானவை வேறு வேறு பட்டறைகளில் அச்செடுத்தவை. ஒரே படம் போட்ட அட்டைப்பெட்டிகளுக்குள் மூன்று தடிமனில் ஸ்பாஞ்ச் பார்த்திருக்கிறேன்.

பழையதைப் புதியதன் மேல் வைத்து அளவு பாருங்கள். நீளத்தைவிட முக்கியம் விளிம்பு. காகித ஃபில்டரில் ரப்பர் விளிம்பு சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்கிறதா, நகத்தால் அழுத்தினால் அமுங்கித் திரும்புகிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருந்தால் பெட்டியோடு ஒட்டி மூடாது. மடிப்புகளைச் சீப்பு ஓட்டுவதுபோல விரலால் தடவுங்கள். ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் அகலமாகவும் இருந்தால் வைத்துவிடுங்கள். இரு முனைகளிலும் பசை விட்ட இடத்தில் இடைவெளி இருக்கக்கூடாது. ஸ்பாஞ்சானால் ஒட்டுப்போட்ட தையலை இரு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் கடைக்காரர் இருந்தால் அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கும்.

வேலூரில் கிடைக்காத புல்லட், யெஸ்டி சாமான்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ போகிறவர்கள் உண்டு. ரயிலேறிப் போனால் ஃபில்டரை மட்டும் வாங்கிவராமல் பெட்டியைக் கார்பரேட்டரோடு இணைக்கும் ரப்பர் குழாயையும் கேளுங்கள். உண்மையில் பழைய வண்டிகளில் முதலில் போவது அதுதான். வெயிலில் காய்ந்து வெடித்த குழாயின் வழியாக, ஃபில்டரைத் தொடாமலேயே மண் உள்ளே போகும். மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். வல்கனைசிங் பசை, இன்சுலேஷன் டேப் எல்லாம் ஒரு பயணத்துக்குத் தாங்கும், ஒரு கோடைக்குத் தாங்காது.

மாட்டுவதும் கழுவுவதும்

புது ஸ்பாஞ்சை அப்படியே மாட்டாதீர்கள். எஸ்.ஏ.இ. 80-90 கியர் ஆயிலில் நனைத்து, இரு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அமுக்கிப் பிழியுங்கள். முறுக்கினால் கிழியும். நிறம் எங்கும் ஒரே மாதிரி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக்கூடாது. சொட்டினால் அந்த எண்ணெய் கார்பரேட்டருக்குள் போய் வண்டி மூச்சடைக்கும். டூ ஸ்ட்ரோக் ஆயில் கையில் இருக்கிறதே என்று அதில் நனைக்கிற பழக்கம் உண்டு. அது நீர்த்தது. கோடை வெயிலில் கீழே இறங்கி, மேல்பாதி காய்ந்துபோகும்.

கழுவுவதற்குப் பெட்ரோல் வேண்டாம். ஒட்டுப் பசையைக் கரைக்கும், தீ ஆபத்தும் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் துணி சோப்புத் தூளைக் கரைத்து அதில் ஊறவைத்து, அமுக்கி அமுக்கி அலசி, நிழலில் முழுதாகக் காய விடுங்கள். அழுக்குத் தண்ணீரைக் கிணற்றடியிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். நம் பக்கத்து நிலத்தடி நீர் ஏற்கெனவே பட்ட பாடு போதும்.

திரும்ப மாட்டும் முன் பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். கார்பரேட்டர் பக்கத்து வாயைத் துணி வைத்து அடைத்துக்கொண்டு துடைக்க வேண்டும். மாட்டும்போது அந்தத் துணியை எடுக்க மறக்கக்கூடாது. ஃபில்டர் விளிம்பில் நூல் தடிமனுக்கு கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் இரண்டு வேலை செய்கிறது: இடைவெளியை மூடுகிறது, அடுத்த முறை திறக்கும்போது எங்கே மண் நுழைந்தது என்று அந்த இடத்தில் ஒட்டிக் காட்டிக்கொடுக்கிறது. மூடியின் ஸ்க்ரூக்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தால் மூன்றாவது மூலைதான் மண்ணுக்கு வாசல்.

எல்லாம் மாட்டிய பிறகு, வாய்ப்பிருந்தால் ஒரு ஞாயிறு ஏலகிரிக்கு ஏற்றிப் பாருங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கலவையில் பெட்ரோல் சற்றே கூடும். சமவெளியில் தெரியாமல் மறைந்திருக்கும் அடைப்பு அங்கே தெரிந்துவிடும்: மேலே போகப் போக வண்டி திணறி, கறுத்த புகை விட்டால் ஃபில்டர் இன்னும் சரியில்லை, அல்லது ஜெட் பெரிது.

எப்போது திறந்து பார்ப்பது என்பதற்குக் கிலோமீட்டரைவிட மாதத்தை நம்புகிறேன். பங்குனியில் ஒரு முறை, வெயிலும் புழுதியும் உச்சத்துக்குப் போகும் முன். ஆனி கடைசியில் ஒரு முறை, ஆடிக் காற்று பாலாற்று மணலைச் சாலைக்குத் தூக்கி வரும் முன். ஆவணியில் அந்தக் காற்று அடங்கியதும் ஒரு முறை. அப்போது கழற்றும் ஃபில்டர்தான் வருடத்திலேயே அழுக்கானதாக இருக்கும். பிறகு ஐப்பசி மழைக்கு முன் பெட்டியின் அடியில் தொங்கும் சிறு வடிகுழாயைப் பாருங்கள். நுனியில் அடைத்திருக்கும் சேற்றை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துவிட்டு, ரப்பர் மூடி இருந்தால் திரும்ப மாட்டுங்கள்.